மூன்றாம் வரிசை ஓரத்து நாற்காலி

மருதவாணனுக்குச் சங்கீதம் தெரியாது. ஒரு காலத்தில் அதைச் சொல்லிக்கொள்ள அவன் வெட்கப்பட்டதும் இல்லை. பாட்டுக்காரியைக் கட்டிக்கொண்ட இன்ஜினீயர் என்று நண்பர்கள் கிண்டல் செய்தால், "எங்க வீட்ல சுருதி டிபார்ட்மென்ட் அவளோடது, ஸ்க்ரூடிரைவர் டிபார்ட்மென்ட் என்னோடது" என்று சிரிப்பான். வெட்கம் பின்னால்தான் வந்தது, அவனே செய்த ஒரு விளக்கினால்.

அந்த விளக்கைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். நல்ல பாட்டைக் கேட்டால் மெய்சிலிர்க்கிறது என்கிறோம். அந்தச் சிலிர்ப்பைக் கண்டுபிடிக்கும் மெத்தை ஒன்றை மருதவாணன் செய்தான். நாற்காலியின் கைப்பிடியில் அதைப் பதித்து, முன்கையை மேலே வைத்தால் போதும். மயிர்க்கால்கள் எழுந்து நிற்கும் கணத்தில் கைப்பிடியின் நுனியில் நெல்லிக்காய் அளவு விளக்கு ஒன்று மஞ்சளாக எரியும். சிலிர்ப்பு அடங்கியதும் அணைந்துவிடும். அவ்வளவுதான்.

லஸ் பக்கத்தில் ஒரு சபா அதை முதன்முதலாக அரங்கம் முழுக்கப் பொருத்தியது. இருட்டில் உட்கார்ந்திருக்கும் அறுநூறு பேரின் மனசும் மேடையில் இருப்பவருக்கு மின்மினிக் கூட்டமாகத் தெரிந்தது. ஒரு கமகத்துக்கு இடப்பக்கம் பத்து விளக்கு எரியும். ஒரு நிரவலில் அரங்கமே மஞ்சளாகும். சபா செயலாளர் பிரணதார்த்திக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சார், இத்தனை வருஷமா ஜனங்க தலையை ஆட்டினது எல்லாம் சும்மா சார்! இதுதான் சார் நிஜம்!"

அந்த வார்த்தை மருதவாணனுக்கு அன்றைக்கு இனித்தது.

வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி, உள்ளே போனதும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்வது புதுப் பழக்கமாயிற்று. பெண்கள் ஒரு கை வளையலைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்கள். கெட்டிக்காரர்கள் சிலர் ஏ.சி. காற்று நேராக அடிக்கும் நாற்காலிகளாகப் பார்த்து வாங்கினார்கள். ஒரு கல்லூரிப் பெண் கைக்குட்டைக்குள் ஐஸ்கட்டியை மறைத்து எடுத்துவந்து பிடிபட்டாள். மருதவாணன் ஒரு மாதம் உட்கார்ந்து குளிரால் வரும் சிலிர்ப்பு வேறு, பயத்தால் வருவது வேறு, இசையால் வருவது வேறு என்று பிரித்தெடுக்கும் வழியைக் கண்டுபிடித்தான். அதற்காக அவனுக்கு ஒரு விருதுகூடக் கிடைத்தது.

சேஷகிரியின் கதை அதற்குப் பிறகு நடந்தது. ஓய்வுபெற்ற தபால் அதிகாரி. முதல் வரிசை நடுநாயகம். பல்லவி எடுத்ததும் தொடையில் தாளம் போட்டு, "பலே" என்று அரங்கத்துக்கே கேட்கச் சொல்கிறவர். அவருடைய விளக்கு ஒரு சீசன் முழுக்க ஒருமுறைகூட எரியவில்லை. பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. ஒருநாள் அவர் "பலே" என்றபோது யாரோ, "கரண்ட் வரட்டும் மாமா, அப்புறம் சொல்லலாம்" என்றான். சேஷகிரி அந்தக் கச்சேரியை முழுக்க இருந்து கேட்டார். அதன் பிறகு அவர் சபா பக்கம் வரவில்லை.

மருதவாணன் இதைக் கேட்டபோது, "பாவம்" என்று மட்டும் சொன்னான். உள்ளுக்குள் அவனுக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டிருந்தது.

அவன் மனைவி அபயாம்பிகை அந்த மேடையில் முதல்முறையாகப் பாடிய சாயங்காலம், மூன்றாம் வரிசை ஓரத்து நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான். எந்தச் சபாவிலும் அவனுக்கு அந்த இடம்தான். இடையில் எழுந்து போனதே கிடையாது. அன்றைக்கு அபயா பாடப் பாட அரங்கம் பூத்தது. பக்கத்து நாற்காலிக் கிழவிக்கு எரிந்தது. பின்னால் இருந்த பையனுக்கு எரிந்தது. இரண்டரை மணி நேரமும் மருதவாணனின் கைப்பிடி மட்டும் இருட்டாகவே இருந்தது. அவன் கண்ணை மூடிப் பார்த்தான். மூச்சைப் பிடித்துப் பார்த்தான். முதலிரவை நினைத்துப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை.

வீட்டுக்கு வந்து நகையைக் கழற்றிக்கொண்டே அபயா கேட்டாள்.

"ஏன் மருது, ஊருக்கெல்லாம் விளக்கு வெச்ச, உன் நாற்காலிக்கு மட்டும் கரண்ட் இல்லையா?"

கேலியாகத்தான் கேட்டாள். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தவனுக்கு, கேலிக்குப் பின்னால் எதையோ காத்துக்கொண்டிருப்பது போலத் தோன்றியது.

"அது... ஒயர் லூஸ். நாளைக்குச் சரி பண்ணிடறேன்."

மறுநாள் சபாவுக்குப் போய்ச் 'சரி' பண்ணினான். கைப்பிடி மெத்தையிலிருந்து விளக்குக்குப் போகும் இணைப்பைத் துண்டித்துவிட்டு, அடியில் ஒரு சின்ன மைக்கைப் பொருத்தினான். அபயாவின் குரல் மேல் ஷட்ஜத்தை, அதாவது மேல் ஸ்தாயி 'ச'வைத் தொட்டு நான்கு விநாடி நின்றால் விளக்கு தானாக எரியும். நிறையப் பேருக்கு அங்கேதான் சிலிர்க்கிறது என்பது அவனிடம் இருந்த புள்ளிவிவரம். நம்பும்படியாக இருக்கும் என்று நினைத்தான். நாற்காலியில் ஆள் இருக்கிறானா என்று பார்க்கவும் ஏதாவது வைக்க வேண்டும் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. அபயா பாடும்போது அவன் அங்கே இல்லாமல் எங்கே போய்விடப் போகிறான்?

அடுத்த கச்சேரி முடிந்து காரில் ஏறியதும் அபயா அவன் முழங்கையைக் கிள்ளினாள்.

"பிடிச்சுட்டேன்! உனக்கு எங்கே சிலிர்க்குதுன்னு பிடிச்சுட்டேன். மேல் ச. இத்தனை வருஷம் எங்கிட்டகூடச் சொல்லல பாரு, கள்ளா!"

அன்று அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்த எந்தப் புருஷனும் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டான். மருதவாணன் அப்படித்தான் தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டான்.

அதன் பிறகு அவள் பாட்டு மெல்ல மெல்ல மேலே ஏறத் தொடங்கியது. முன்பெல்லாம் ஒரு ராகத்தை எடுத்தால் கீழ் ஸ்தாயியில், கிணற்றடியில் குடம் வைப்பது போல அடக்கமாகத்தான் தொடங்குவாள். இப்போது அவசரமாக மேலே போனாள். போய் அங்கேயே நின்றாள். மூன்றாம் வரிசை ஓரத்தில் விளக்கு எரியும். இன்னும் கொஞ்சம் நிற்பாள். ஜனங்களும் கைதட்டினார்கள். ஆனால் மிருதங்கக்காரர் குமரகுரு, அவளோடு இருபது வருஷமாக வாசிப்பவர், ஒருநாள் காபி குடித்துக்கொண்டே, "தங்கச்சி, மொட்டை மாடியிலேயே குடித்தனம் பண்றியே, கீழ வீடு காலியாக் கெடக்கு" என்றார். அவள் சிரித்தாள். ஒரு பத்திரிகை, 'அபயாம்பிகையின் கீழ் ஸ்தாயி சுகத்தைச் சமீபமாகக் கேட்க முடிவதில்லை' என்று எழுதியது. அதற்கு அவள் சிரிக்கவில்லை.

கார்த்திகை மாதத்தில் அவளுக்குக் குரல் கம்மியது. தொண்டை மருத்துவர் குழாய்க் கேமராவை விட்டுப் பார்த்துவிட்டு, திரையில் இரண்டு வெளிறிய மடிப்புகளைக் காட்டினார்.

"இங்க ரெண்டு பக்கமும் காய்ப்பு விழுந்திருக்கு பாருங்க. மேல போய்ப் போய் இழுக்கறீங்க. இப்பவே நிறுத்தினா தானா கரையும். இப்படியே போனா ஆபரேஷன். அப்புறம் குரல் எப்படி வரும்னு நான் சொல்ல முடியாது."

அபயா அவனைத் திரும்பிப் பார்த்தாள். மருதவாணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் காய்ப்பைத் தன் கையால் வைத்தது போல அவனுக்கு உடம்பு கூசியது. வெளியே வந்ததும் அவன் சொன்னது இதுதான்: "வெந்நீர் குடி. பிளாஸ்க் வாங்கித் தரேன்."

அன்று சாயங்காலமே சபாவுக்குப் போய் அந்த மைக்கைப் பிடுங்கிவிட நினைத்தான். ஆனால் விளக்கு திடீரென்று எரியாமல் போனால் அவள் ஏனென்று கேட்பாள். இரண்டு மாத ஓய்வுக்குப் பின் அவள் பாடப்போகும் முதல் கச்சேரியில் அவளைக் கலங்கடிக்கக் கூடாது. அது முடியட்டும், அப்புறம் எடுத்துவிடலாம். கோழைத்தனத்துக்கு அன்பு என்று பெயர் வைக்க அவனுக்கு நன்றாகப் பழகியிருந்தது.

அந்தக் கச்சேரி மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணிக்கு. உடுத்தக் கிளம்பும்போது அபயா சொன்னாள்:

"டாக்டர் மேல போகாதேன்னுதான் சொல்லியிருக்கார். ஒரே ஒரு தடவை போறேன் மருது. காம்போதியில. உனக்காக."

"வேண்டாம் அபயா."

"சும்மா சொல்லாத. உன் விளக்கு எரியலன்னா எனக்குப் பாடின மாதிரியே இருக்காது."

அவன் வாயைத் திறந்தான். காலிங் பெல் அடித்தது. தம்பூராவை எடுத்துப்போகச் சபாவிலிருந்து ஆள் வந்திருந்தது.

கச்சேரி நன்றாகத்தான் போனது. அவள் காம்போதி ராகத்தை எடுத்த நேரத்தில் மருதவாணனின் கைப்பேசி அதிர்ந்தது. சிங்கப்பூரில் ஒரு புது அரங்கத்துக்கு ஆயிரம் நாற்காலி கேட்டுக்கொண்டிருந்த மங்கையர்க்கரசி. ஒரு வாரமாக அவன் காத்திருந்த அழைப்பு. அபயா கீழே நிதானமாகத்தான் பாடிக்கொண்டிருந்தாள். மேலே போக இன்னும் நேரம் ஆகும். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் கச்சேரியில் அவன் எழுந்து வெளியே வந்தான்.

வெளி வராந்தாவில் பெரிய திரை ஒன்று இருந்தது. அரங்கத்தின் ஒவ்வொரு நாற்காலியும் அதில் ஒரு புள்ளி. உள்ளே எரியும் விளக்குகள் அங்கேயும் மினுக்கின. அவன் கைப்பேசியின் கேமராவைத் திரைப் பக்கம் திருப்பினான்.

"பாருங்க மேடம். இப்ப, இந்த நிமிஷம், உள்ள நடக்கறது."

"ஐயோ, அழகா இருக்கே சார்! பாடறது உங்க மிஸஸ்தானே? நீங்க எங்க உட்காருவீங்க?"

"மூணாவது வரிசை. இதோ, இந்த ஓரத்துப் புள்ளி."

"அட, எரியுதே! அங்க இப்ப யார் உட்கார்ந்திருக்கா?"

உள்ளேயிருந்து ஒலிபெருக்கியில் அபயாவின் குரல் மேல் ஷட்ஜத்தில் நின்றுகொண்டிருந்தது. நினைத்ததைவிடச் சீக்கிரம் மேலே போயிருந்தாள். திரையில் ஓரத்துப் புள்ளி மஞ்சளாக எரிந்தது.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

மருதவாணன் கைப்பேசியை அணைத்தான். அரங்கத்தின் பின்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் இருட்டில் நின்றான்.

மேடையிலிருந்து பார்த்தால் மற்ற நாற்காலிகளில் விளக்குக்குப் பக்கத்தில் ஒரு கை தெரியும், ஒரு புடவைத் தலைப்பு தெரியும். மூன்றாம் வரிசை ஓரத்தில் விளக்கின் வெளிச்சம் வெறும் சிவப்பு ரெக்சின் மேல் விழுந்திருந்தது. அங்கே ஆள் இல்லை என்பதை அந்த விளக்கே காட்டிக்கொண்டிருந்தது.

அபயா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கீழே இறங்கினாள். விளக்கு அணைந்தது. மறுபடி மேலே போய் நின்றாள். எரிந்தது. இறங்கினாள், அணைந்தது. வயலின்காரர் இது ஏதோ புது விளையாட்டு என்று நினைத்துச் சந்தோஷமாகப் பின்தொடர்ந்தார். ஜனங்கள் கைதட்டினார்கள். மூன்றாவது முறை அவள் மேலே போனபோது குரல் லேசாகப் பிசிறியது. அப்போதும் விடாமல் நான்கு விநாடி நின்றாள். காலி நாற்காலி பரவசத்தில் எரிந்தது.

மருதவாணனுக்கு அங்கேயே தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. சேஷகிரி நினைவுக்கு வந்தார். அந்த மனிதர் எரியாத விளக்கோடு கச்சேரி முடியும்வரை நேர்மையாக உட்கார்ந்திருந்தார்.

அபயா தண்ணீர் குடித்தாள். கீர்த்தனையைச் சுருக்கமாகப் பாடி முடித்தாள். தனி ஆவர்த்தனம் முடிந்ததும் குமரகுரு பக்கம் குனிந்து ஏதோ சொன்னாள். அவர் மிருதங்கத்திலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மைக்கில் அவள் குரல் சாதாரணமாக வந்தது.

"அடுத்தது ஒரு விருத்தம். எழுதினவர் பெரிய கவிஞர் இல்ல. காலேஜ்ல எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்."

தாளம் இல்லாமல் தம்பூராவை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு, மிகக் கீழே தொடங்கினாள்.

ராகத்தின் பேரறியேன், நீபாடும் வேளையிலே
மேகத்தின் நிழல்போல உன்முகத்தில் மாறுகின்ற
சோகத்தை நானறிவேன், சுகமறிவேன், கேட்பதற்கோ
ஊகந்தான் என்துணையே, உனைப்பார்க்க வந்தவன்நான்.

கதவோரம் நின்றவனுக்கு முதலில் புரியவில்லை. இரண்டாவது அடியில் புரிந்தது. இருபத்து மூன்று வயதில் அவன் எழுதியது. கல்லூரி விழாவில் அவள் பாடி முடித்து இறங்கி வந்தபோது, சர்க்யூட் வரைகிற தாளில் எழுதிக் கையில் திணித்துவிட்டு ஓடிப்போனான். அதன் பிறகு வேறு கவிதை எழுதவில்லை. இதையும் மறந்திருந்தான். அவள் ஒரு சொல்கூட மறக்கவில்லை.

கேட்கத் தெரியாது என்று அவன் அன்றைக்கே சொல்லிவிட்டிருந்தான். தெரிந்துதான் அவள் கட்டிக்கொண்டாள். அவனிடம் அவள் சிலிர்ப்பைக் கேட்டதே இல்லை. விளக்கு வந்த பிறகுதான் கேட்டாள். அப்போதும் கேலியாகத்தான் கேட்டாள். 'எனக்கு எரியாது அபயா, நான் உன் முகத்தைப் பார்க்கறவன்' என்று பதில் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு நகையை எடுத்து வைத்திருப்பாள். அவள் தொண்டையில் அந்த இரண்டு காய்ப்பும் இருந்திருக்காது.

அவள் நான்காவது அடியைத் திரும்பத் திரும்பப் பாடினாள். என்ன ராகமென்று அவனுக்குத் தெரியவில்லை. மேலே போகவே இல்லை. இரண்டு வருஷமாகக் காலியாகக் கிடந்த கீழ் வீட்டுக்குள் ஒவ்வோர் அறையாக விளக்கேற்றிக்கொண்டு போவது போலப் போனாள். அரங்கத்தில் முதலில் நான்கைந்து, பிறகு வரிசை வரிசையாக, பிறகு எல்லாமே மஞ்சளாயின. மூன்றாம் வரிசை ஓரம் மட்டும் இருட்டாக இருந்தது.

மருதவாணன் தன் கையைப் பார்த்தான். சட்டையை மடித்துவிட்ட முன்கையில் மயிர் அத்தனையும் குத்திட்டு நின்றது.

அந்த இடத்தில் மெத்தையும் இல்லை, விளக்கும் இல்லை. இருந்தாலும் என்ன சொல்லியிருக்கும்? குளிரைப் பிரித்தெடுத்தான், பயத்தைப் பிரித்தெடுத்தான், விருது வாங்கினான். வெட்கத்தாலும் மனிதனுக்கு இப்படிச் சிலிர்க்கும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை. இப்போது நடப்பது பாட்டாலா, வெட்கத்தாலா என்று அவனுக்கே சொல்லத் தெரியவில்லை.

பிரணதார்த்தி மூச்சிரைக்க ஓடிவந்தார். "சார், உங்க சீட்ல ஏதோ கோளாறு! அறுநூறும் எரியுது, உங்களுது மட்டும் எரியல. நாளைக்கு முதல் வேலையா ரிப்பேர் பண்ணிடலாம்."

"வேண்டாம்," என்றான் மருதவாணன். "எத்தனையோ நாளுக்கு அப்புறம் இப்பதான் அது சரியா வேலை செய்யுது."

பிரணதார்த்தி புரியாமல் விழித்தார்.

கார் இரண்டு சிக்னல் தாண்டியது. வீட்டில் அவனை நீ என்பாள், வெளியாள் முன்னால் நீங்க என்பாள். காரில் அவர்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

"மூணு தடவை போய்ப் பார்த்தேன்," என்றாள். குரல் கரகரத்தது.

"தெரியும்."

"எங்க இருந்தீங்க?"

"முதல் தடவை வராந்தாவுல. மத்ததுக்குப் பின்கதவுகிட்ட."

"ஓ." வெளியே ஒரு ஆட்டோ ஒலிப்பானை அடித்துக்கொண்டு போனது. "மேல போனா எனக்கு வலிக்கும்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"டாக்டர் சொன்னப்பகூடச் சொல்லல."

"சொல்லல."

"வெந்நீர் குடின்னீங்க."

பிளாஸ்க் அவள் காலடியில் உருண்டு கொண்டிருந்தது. பின்கதவோரம் தன் கை சிலிர்த்ததைச் சொல்லலாமா என்று நினைத்தான். உதடுவரை வந்தது. இத்தனை நாள் பொய்யாகச் சிலிர்த்தவன் இன்றைக்கு நிஜமாகச் சிலிர்த்தது என்றால், அது இன்னொரு மைக் மாதிரிதான் கேட்கும். அவன் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, மடித்திருந்த சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"அந்தப் பாட்டு," என்றான். "எப்ப ராகம் போட்ட?"

"அப்பவே. வாங்கின மறுநாளே." அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஒருநாள் பாடிக் காட்டலாம்னு வெச்சிருந்தேன். நல்ல நாளா பார்த்துக்கிட்டே இருந்தேன்."

அவன் கண் மங்கியது. வண்டியை ஓரமாக நிறுத்தினான். அவள்தான் தொடர்ந்தாள்.

"பங்குனியில மாயவரத்துல கோயில் கச்சேரி. அதுக்குள்ள தொண்டை சரியாயிடும்னு டாக்டர் சொல்றார். கீழ மட்டும்தான் பாடப் போறேன். அங்க உன்னோட விளக்கெல்லாம் கிடையாது. தரையில ஜமுக்காளம்தான்."

அந்த 'உன்னோட' அவன் காதில் விழுந்தது.

"நான் வரட்டுமா?"

அபயா பிளாஸ்க்கை எடுத்து மூடியைத் திருகினாள். ஒரு வாய் குடித்தாள்.

"வா. என் முகம் தெரியற இடமா பார்த்து உட்காரு." மூடியைத் திரும்பவும் இறுக்கினாள். "உன் முகம் எனக்குத் தெரிய வேணாம்."